தற்கொலையில் உள்ள ‘தான்’

புற்றுநோய்ச் செல்லைக் கொல்லும் ஒரு முறைக்குத் தற்கொலை மரபணு சிகிச்சை என்று பெயர். தற்கொலை என்றால் ‘தான்’ ஒன்று வேண்டும். செல்லுக்கு அது உண்டா?

சிகிச்சை நடக்கும் விதம் இது. தைமிடின் கைனேஸ் என்ற நொதிக்கான ஹெர்ப்பிஸ் வைரஸ் மரபணுவை, வேறொரு வைரஸில் ஏற்றிக் கட்டிக்குள் அனுப்புகிறார்கள். அதனால் மட்டும் செல்லுக்கு ஒன்றும் ஆவதில்லை. பிறகு கான்சிக்ளோவிர் மருந்து தரப்படும். புதிய நொதி அதன்மேல் ஒரு பாஸ்பேட்டை ஏற்றுகிறது. மேலும் இரண்டைச் செல்லின் சொந்த நொதிகளே ஏற்றிவிடுகின்றன. செல் தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்கும்போது இப்படி மாறிய மருந்தையும் ஒரு போலிக் கண்ணியாகக் கோத்துக்கொள்கிறது. படியெடுப்பு நின்று செல் மடிகிறது. செல்களை இணைக்கும் நுண்துளைகள் வழியே நஞ்சு பரவுவதால், மரபணு எட்டாத அண்டைச் செல்களும் சாகின்றன.

மரபணுவை வைத்ததும் மருந்தைத் தந்ததும் மருத்துவர். நஞ்சைச் செல்லே காய்ச்சினாலும் சாகும் எண்ணம் அதற்கு இல்லை. தற்கொலையைப் பாவமென்று கண்டித்த கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ், முழு உடலின் நலனுக்காக அழுகிய உறுப்பை வெட்டலாம் என்றார். உறுப்பு உடலுக்காகவே இருக்கிறது என்பது அவர் வாதம். சமணம் செயலுக்குப் பின்னுள்ள பற்றையும் வெறுப்பையும் எடைபோடுகிறது. உண்ணாமல் இருந்து உயிர்விடும் சல்லேகனை தற்கொலை ஆகாது என்று சமணர் சொல்வதும் அதனால்தான். இவ்விரு அளவுகோலிலும் செல்லின் சாவு தற்கொலை ஆகாது.

இதைவிடப் பொருத்தமான சொல் அறிவியலிலேயே இருக்கிறது. கருவில் விரலிடைச் செல்கள் மடிவதால்தான் விரல்கள் பிரிகின்றன. இத்தகைய சாவுக்கு 1972இல் கெர், வில்லி, கரி மூவரும் அப்போப்டோசிஸ் என்று பெயரிட்டார்கள். இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. உதிர மறுத்த இலைதான் புற்றுச் செல்.

சாகடிக்கப்படுவது நல்ல செல்லாக இருந்தால் கேள்வி கடினமாகிறது. மஜ்ஜை மாற்றத்தில் கொடையாளரின் டி செல்கள் நோயை எதிர்ப்பதோடு, சில வேளை பெற்றவரின் தோலையும் ஈரலையும் குடலையும் தாக்கும். அதனால் அவற்றுக்குள் முன்கூட்டியே ஒரு சாவு விசையைப் பொருத்துகிறார்கள். 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், அப்படித் தாக்கப்பட்ட நால்வருக்கு அந்த விசையைத் தூண்டும் மருந்து ஒரே ஒரு தவணை தரப்பட்டது; 30 நிமிடங்களில் விசை பொருத்தப்பட்ட செல்களில் 90 சதவீதத்துக்கும் மேல் அழிந்தன, தாக்குதல் ஓய்ந்தது. இங்கேதான் ‘தான்’ எது என்பது உண்மையான வழக்காகிறது. செல் கொடுத்தவருடையது, உடல் பெற்றவருடையது. பிழைக்க வேண்டியவர் பெற்றவர் என்பதால், விசையை அழுத்தும் உரிமையும் அவர் பக்கமே சேரும். ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்களின் வயது 3 முதல் 17 வரை. மூன்று வயதில் ‘சரி’ என்று சொல்லும் ‘தான்’ இன்னும் உருவாகவில்லை. அந்தச் சொல் பெற்றோரிடமிருந்தே வர வேண்டும்.