நாற்காலியின் திசை

அடுத்த மாதம் 31ஆம் தேதியோடு எனக்குப் பணி ஓய்வு. மாலை போடுவார்கள், பொன்னாடை போர்த்துவார்கள், ஆபீஸ் காரில் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள். இத்தனை வருட சர்வீசில் எத்தனையோ பேரை நானும் அப்படி அனுப்பிவைத்திருக்கிறேன். கார் திரும்பிப் போன பிறகு அந்த வீட்டில் பொழுது எப்படிப் போனது என்று ஒரு தடவைகூடப் போய்ப் பார்த்ததில்லை. இப்போது அந்தக் கேள்வி இரவில் என்னை எழுப்பி உட்காரவைக்கிறது. அப்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்வது பிஷப் லெஸ்லி நியூபிகினை.

1909இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் பிறந்தவர். 1936இல் ஸ்காட்லாந்து திருச்சபையில் பிரஸ்பிட்டேரியன் போதகராக அபிஷேகம் பெற்று, அதே ஆண்டு மனைவி ஹெலனோடு சென்னைக்குக் கப்பலேறினார். வந்த கொஞ்ச நாளில் ஒரு பஸ் விபத்தில் கால் முறிந்து ஊருக்கே திரும்ப நேர்ந்தது. 1939இல் மறுபடியும் வந்தார். தமிழ் கற்றுத் தமிழிலேயே பிரசங்கம் செய்தார். காஞ்சிபுரத்தில் ராமகிருஷ்ண மடத்துத் துறவிகளோடு தரையில் அமர்ந்து, உபநிடதத்தையும் யோவான் சுவிசேஷத்தையும் மாறி மாறிப் படித்தார். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, பிஷப் என்ற பதவியே இல்லாத மரபிலிருந்து வந்த அவர், 37 வயதில் மதுரை ராமநாதபுரம் பேராயரானார். இடையில் சில ஆண்டுகள் உலகத் திருச்சபை அமைப்புகளில் வேலை. 1965 முதல் 1974 வரை சென்னைப் பேராயர்.

1974இல் ஓய்வு பெற்றார். விமானம் ஏறிப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரும் ஹெலனும் இரண்டு பெட்டி, ஒரு முதுகுப் பையோடு தரைவழியாகக் கிளம்பினார்கள். பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஈரான், துருக்கி என்று கிடைத்த பஸ்ஸில் ஏறி இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள். ஒரு திருமண்டலத்தையே நிர்வகித்தவரின் சொத்து இரண்டு பெட்டிக்குள் அடங்கியது என்பதை நினைக்கும்போது, என் வீட்டுப் பரணைப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

அங்கே பர்மிங்ஹாமில் சில ஆண்டுகள் இறையியல் கற்பித்தார். பிறகு, எழுபது வயதில், அதே நகரத்தின் வின்சன் கிரீன் பகுதியில், சிறைச்சாலைக்கு எதிரே இருந்த ஒரு சின்னஞ்சிறு சபையை மூடிவிடலாமா என்ற பேச்சு வந்தபோது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று முன்வந்தார். வசதியில்லாதவர்கள் வாழும் பகுதி. பேராயராக இருந்தவர் அங்கே சாதாரணப் போதகராக வீடு வீடாகப் போனார். இந்தியாவில் பார்த்த எந்த வேலையையும்விட இது கடினம் என்று அவரே எழுதியிருக்கிறார். இங்கே எதிர்த்துப் பேசினார்கள். அங்கே பொருட்படுத்தவே இல்லை. எதிர்ப்பைவிட அலட்சியத்தைத் தாங்குவது கஷ்டம் என்று அந்த வயதில்தான் அவர் கண்டுகொண்டார்.

அவர் பெயரை இன்று உலகம் நினைவில் வைத்திருப்பதற்குக் காரணமான புத்தகங்கள் பெரும்பாலும் அந்தக் காலத்தில் பிறந்தவை. பன்மைச் சமூகத்தில் சுவிசேஷத்தைப் பற்றிய அவருடைய முக்கியமான நூல் 1989இல் வந்தபோது அவருக்கு எண்பது நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் கண் பார்வை மங்கியது. மாணவர்கள் படித்துச் சொல்ல, கேட்டுக்கொண்டே சிந்தித்தார். 1998 ஜனவரியில் லண்டனில் காலமானார்.

என் அப்பா தாலுகா ஆபீசில் வேலை பார்த்தவர். அவர் எழுதிக்கொடுத்த மனு திரும்பிவராது என்று ஊரில் பேர். ஓய்வு பெற்ற மறுநாள் வாசலில் ஒரு மர நாற்காலியைப் போட்டுத் தெருவைப் பார்த்து உட்கார்ந்தார். ஆபீசிலிருந்து யாராவது வருவார்கள், ஒரு சந்தேகமாவது கேட்பார்கள் என்று காத்திருந்தார். வந்தவர்கள் வேறு ஆட்கள். முதியோர் பென்ஷனுக்கும் பட்டாவுக்கும் மனு எழுத வேண்டியவர்கள். வாசலில் அப்பாவைப் பார்த்துத் தயங்கி, கொல்லைப்புறமாக வந்து, “அக்கா, சார் ஒரு மனு எழுதித் தருவாரா?” என்று அம்மாவிடம் கேட்பார்கள். அம்மா வந்து சொன்னால், “ஆபீசுக்குப் போகச் சொல்லு” என்பார் அப்பா. கோபமில்லை, வலி. தன்னை மறந்துவிட்ட ஆபீஸின் பெயரைச் சொல்லிக்கொள்ள அவருக்கு அந்த ஒரு வழிதான் மிச்சமிருந்தது. எட்டு வருடம் அப்படிப் போயிற்று. எனக்கு அப்போது அது புரியவில்லை. புரிந்திருந்தால் ஒரு பேனாவையாவது அவர் கையில் கொடுத்திருப்பேன்.

நியூபிகின் தன் ஊழிய காலத்தில் நடந்ததாகச் சொன்ன ஒரு சம்பவம் உண்டு. ஆற்றைத் தாண்டிப் போக வேண்டிய ஒரு கிராமம். உள்ளே நுழையத் தெற்கே ஒரு வழி, வடக்கே ஒரு வழி. பிஷப் தெற்கு வழியாகத்தான் வருவார் என்று சபையார் முடிவு செய்துகொண்டார்கள். மேளம், வாணவேடிக்கை, மாலை, சிலம்பாட்டம் எல்லாம் அங்கே தயார். அவரோ வடக்கே வந்து இறங்கிவிட்டார். அங்கே நின்றவை நாலைந்து ஆடுகளும் கோழிகளும்தான். செய்தி போய், ஊர் முழுக்கத் திரும்பி இந்தப் பக்கம் முகம் வைக்கும்வரை அவர் மறைந்து நிற்க வேண்டியதாயிற்று. மனந்திரும்புதல் என்பது என்ன என்று விளக்க அவர் இதைச் சொல்வார். அழுது புலம்புவதல்ல அது. தப்பான திசையில் காத்திருப்பவர்கள் திரும்பி நிற்பது. தமிழ் அந்தச் சொல்லுக்குள்ளேயே ‘திரும்புதல்’ என்று வைத்திருக்கிறது. ஆங்கிலேயர்களுக்கு அவர் கதை சொல்லிப் புரியவைக்க வேண்டியிருந்தது.

உழைத்துக் களைத்தவருக்கு ஓய்வு தேவை. உடம்பு ஒத்துழைக்காதவர்களிடம் வின்சன் கிரீனை எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆனால் உடம்பைவிட முதலில் நம்மை முடக்குவது, மரியாதை எந்த வழியாக வர வேண்டும் என்று நாமே முடிவு செய்துகொள்வதுதான். மேளத்தோடு வரும் என்று ஒரு முனையில் காத்திருக்கிறோம். நம்மைத் தேவைப்படுகிறவர்களோ இன்னொரு முனையில், கூச்சத்தோடு, கொல்லைப்புறத்தில் நிற்கிறார்கள்.

அப்பாவின் நாற்காலி இப்போது என்னுடையது. ஒரு கை ஆடுகிறது, ஆசாரியிடம் கொடுத்திருக்கிறேன். 31ஆம் தேதிக்குள் சரிசெய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். வந்ததும் கிணற்றடிப் பக்கம் போடச் சொல்லியிருக்கிறேன். பக்கத்தில் ஒரு சின்ன மேசையும் வேண்டும், எழுதுவதற்கு.