பல் துலக்கா நோன்பும் பல் காக்கும் படிப்பும்

திகம்பர சமண முனிவர் ஏற்கும் 28 மூலகுணங்களில் ஒன்று அதந்ததாவனம், அதாவது பல் துலக்காமை. நீராடாமை, வெறுந்தரையில் படுத்தல், நாளுக்கு ஒரே வேளை நின்றபடி உண்ணுதல் ஆகியவை அதன் அருகில் வருபவை. திகம்பர ஆசாரியர் குந்தகுந்தரின் பிரவசனசாரம் என்ற நூல் இவற்றை வரிசைப்படுத்துகிறது. வந்தவாசிக்கு அருகிலுள்ள பொன்னூர் மலையில் அவர் தவம் செய்தார் என்பது தமிழ்ச் சமணர் மரபு. பல் துலக்காமைக்குக் காரணம் இரண்டு: உடலை அழகுபடுத்தும் ஆசையை அறுப்பது, கண்ணுக்குத் தெரியாத உயிர்களுக்குத் தீங்கு செய்யாதிருப்பது.

செஞ்சிக்கு வடக்கே, சிங்கவரத்தை அடுத்து திருநாதர்குன்று உள்ளது. ஒரே பாறை முகத்தில் 24 தீர்த்தங்கரர்கள் இரு வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த செய்தியை அங்குள்ள வட்டெழுத்துக் கல்வெட்டு சொல்கிறது. உணவையே விட்டவருக்குப் பல் எதற்கு? உடல் கழற்றி வைக்கவேண்டிய ஒன்று என்ற கொள்கை அதன் கடைசி எல்லைவரை வாழப்பட்ட இடம் இது.

இதே தமிழ் நிலத்தில் நேர் எதிரான குரலும் உண்டு. ஆசாரக்கோவை காலையில் எழுந்ததும் பல் குச்சியால் துலக்கி, முகம் கழுவி, பிறகே தெய்வத்தைத் தொழச் சொல்கிறது. திருமந்திரத்தில் உடலைப் பேணுவது உயிரைப் பேணும் வழியாகிறது. இல்லறத்தாருக்கு வாய்த்தூய்மை வழிபாட்டின் முதற்படி.

பல் சுகாதாரத்தைத் தொழிலாகப் படிக்க வரும் மாணவர் இந்த இரண்டு பார்வைகளுக்கும் நடுவில் நிற்கிறார். இப்படிப்பு அமெரிக்காவில் 1913-இல் பல் மருத்துவர் ஆல்ஃபிரட் ஃபோன்ஸ் பிரிட்ஜ்போர்ட்டில் நடத்திய வகுப்பில் தொடங்கியது. நோய் வந்தபின் பல்லைப் பிடுங்குவதைவிட வராமல் தடுப்பதற்கென்றே ஆட்களைப் பழக்கவேண்டும் என்பது அவர் எண்ணம். இந்தியாவில் 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர்கள் சட்டம் டென்டல் ஹைஜீனிஸ்டுக்குத் தனிப் பதிவேடு வகுத்தது. பற்காரையை அகற்றித் தூய்மை செய்து மெருகேற்றுவதும், பல் சுகாதாரத்தைக் கற்பிப்பதும் அவர் வேலை என்று அச்சட்டம் சொன்னது. கற்பிப்பதைச் சட்டமே சேர்த்துச் சொன்னது பெரிய விஷயம். வெளிநாடுகள் சிலவற்றில் இது பல்கலைக்கழகப் பட்டம். இங்கே பெரும்பாலும் பல் மருத்துவக் கல்லூரியில் இரண்டாண்டு டிப்ளமோ.

உடற்கூறும் நுண்ணுயிரியலும் பாடமாக இருந்தாலும், படிப்பின் உயிர் கைப்பழக்கத்தில் இருக்கிறது. காரையைச் சுரண்டும் ஸ்கேலரைப் பிடிக்கும் கையின் மோதிரவிரல் பக்கத்துப் பல்லில் ஊன்றியிருக்கவேண்டும். ஊன்றாத கை வழுக்கினால் ஈறு கிழியும். மில்லிமீட்டர் கோடிட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் இடையில் இறக்கினால், 3 மி.மீ. வரை நலம், அதற்கு மேல் போனாலோ ரத்தம் கசிந்தாலோ நோய். கீழ்வரிசை முன்பற்களின் உட்பக்கம் காரை அதிகம் படியும், ஏனென்றால் உமிழ்நீர்ச் சுரப்பியின் வாய் அங்கே திறக்கிறது. உமிழ்நீரிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் பல்மேல் படியும் நுண்ணுயிர்ப் படலத்தில் இறங்கிக் கல்லாகிவிட்டால் பிரஷ்ஷால் அதை அசைக்க முடியாது.

அந்தப் படலம் முழுக்க உயிர். முனிவர் அஞ்சிய தீங்கை இம்மாணவர் நாள்தோறும் செய்கிறார். சமணம் இதற்குத் தெளிவான விடை வைத்திருக்கிறது. கொல்லும் எண்ணத்தோடு செய்யும் சங்கல்ப இம்சையை இல்லறத்தார் அறவே விடவேண்டும். நேர்மையான தொழிலில் தவிர்க்க இயலாமல் நேரும் உத்தியோக இம்சை வேறு வகை. மருத்துவரின் கத்திக்குச் சொல்லப்படும் விளக்கம் ஸ்கேலருக்கும் பொருந்தும். ஆனால் கவனக்குறைவுக்கு அந்த விளக்கத்தில் இடமில்லை.

அதைவிடக் கடினமானது எச்சில் பற்றிய கேள்வி. அடுத்தவர் எச்சிலைத் தொடுவது இழிவு என்று சொல்லி, அந்த இழிவைச் சில சாதிகள் மேல் சுமத்திய சமூகம் இது. அதே சமூகம்தான் வாய்நீரால் இறைவனை நீராட்டிய கண்ணப்பரை நாயனாராக வணங்குகிறது. வகுப்பறை எச்சிலை நோய்த்தொற்று என்ற கணக்கில் மட்டும் பார்க்கப் பழக்குகிறது: கையுறை, முகக்கவசம், ஆட்டோகிளேவ். யாருடைய வாயாக இருந்தாலும் இவை ஒன்றே. தீட்டுக்கு ஆள் பார்க்கும் வழக்கம் உண்டு, கிருமிக்கு இல்லை. இந்தப் படிப்பு தரும் அறக்கல்வியில் மிக நல்ல பகுதி இதுதான்.

துறவியும் மாணவரும் உண்மையில் எதிரெதிரானவர்கள் அல்லர். சமணம் சொல்லும் ஆறு அகத்தவங்களில் வையாவிருத்தியம் ஒன்று. அது பிறருக்கு, குறிப்பாக நோயுற்ற துறவியருக்குச் செய்யும் பணிவிடை. நால்வகைத் தானங்களில் மருந்து கொடுத்தலும் உண்டு. தன் உடலைப் பொருட்படுத்தாதே என்று சொன்ன அதே நெறி, பிறர் உடலின் வலியைப் பொருட்படுத்தச் சொல்கிறது. துறப்பதற்கு ஒருவருக்கு உரிமையுள்ளது தன் உடல்மேல் மட்டுமே.

நோன்பு ஏற்ற ஒருவரே ஈறு வீங்கி எதிரில் வந்து அமர்ந்தால், மாணவர் கற்ற தொழிலும் அறமும் அங்கே தேவைப்படும். நோயின் நிலை, விட்டால் என்னாகும், தன்னால் என்ன செய்ய முடியும் என்பதை ஒளிக்காமல் எடுத்துச் சொல்வது அவர் கடமை. நோன்பைப் பழிக்கவோ இணங்கும்படி வற்புறுத்தவோ அவருக்கு உரிமையில்லை. நோன்பு ஏற்றவர் ஒப்பாமல் கருவியை எடுக்கவும் கூடாது.