முந்திவந்த இளவேனில்

வடபுலத்தில் பசுமை பெருகியுள்ளது என்று கேட்பவருக்கு முதலில் தோன்றுவது மகிழ்ச்சியே. 1981 முதல் 1991 வரை செயற்கைக்கோள்கள் திரட்டிய தரவுகளைக் கொண்டு 1997ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று, வடக்கு உயர் அகலக்கோடுகளில் செடிகொடிகள் வளரும் பருவம் ஏறத்தாழ 12 நாள் நீண்டுவிட்டதாகக் கணக்கிட்டது. அலாஸ்காவின் வடபகுதியில் வில்லோ, ஆல்டர், பிர்ச் புதர்கள் முன்னிலும் அடர்ந்து பரவியிருப்பதைப் பழைய ஒளிப்படங்களோடு புதியவற்றை ஒப்பிட்டோர் கண்டனர். பசுமை பெருகுவதும் தீமையாகுமோ?

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றது. மரமும் மாவும் புள்ளும் கருப்பொருள். செய்யுளுக்கு வகுத்த இலக்கணத்தை அறிவியலாக்கிப் பெருமை பேசுவது என் நோக்கமன்று. அவ்வழக்கம் நம்மிடையே சற்று மிகுதி. ஆயினும், பொழுது பிறழ்ந்தால் கருப்பொருள் என்னாகும் என்று கேட்க அப்பாகுபாடு நம்மைத் தூண்டுகிறது.

மேற்குக் கிரீன்லாந்தின் கங்கர்லுசுவாக் பகுதியில் அதற்கு விடை உண்டு. அங்குள்ள கரிபு என்னும் பனிமான்கள் இளந்தளிர் மிகுந்திருக்கும் நாள்களில் கன்று ஈனுவதே இயல்பு. தளிர் விடும் நாளைப் பெரிதும் வகுப்பது வெப்பம். மான்களின் இனப்பெருக்கக் காலத்தை வகுப்பதோ பகலின் நீளம். பகலின் நீளம் பூமியின் சாய்வைப் பொறுத்தது. ஆலைகள் எவ்வளவு புகை கக்கினாலும் அது மாறாது. ஆகவே செடிகள் முந்திக்கொண்டன. மான்கள் ஏறத்தாழத் தம் பழைய நாளிலேயே ஈன்றன. அதற்குள் தளிர் முற்றிச் சத்துக் குறைந்துவிட்டது. இவ்விடைவெளி மிகுந்தபோது பிறந்த கன்றுகள் குறைந்ததையும் மடிந்தவை மிகுந்ததையும் 2008ஆம் ஆண்டு வெளியான ஆய்வு காட்டியது. பசுமையின் நடுவே பசி!

அக்கன்றுகளைக் கொல்ல எவரும் எண்ணவில்லை என்பது மெய். விளக்கேற்றினோம், வண்டி ஓட்டினோம், அவ்வளவே. நோக்கமில்லாத இடத்தில் குற்றமில்லை என்பர். அறியாதிருந்த தலைமுறைக்கு அவ்வாதம் பொருந்தும். அறிந்த பின்னும் அதே வாதத்தைச் சொல்பவரை நான் ஏற்கமாட்டேன்.

வடநாட்டு உழவருக்கு விளையும் காலம் நீளுமே என்று நன்மையையும் தீமையையும் நிறுத்துப் பார்ப்பாரும் உளர். பயன் பெறுவோனே தராசையும் பிடிக்கலாமா? தட்டின் மறுபுறத்தில் இருக்கும் மானுக்கு வாதிட வாயில்லை. மேலும், பெருகிய புதர்கள் வெண்பனிக்கு மேலே தலைநீட்டிக் கதிரொளியை ஏற்று வெப்பத்தை மேலும் கூட்டுகின்றன. இன்று வரவென எழுதியது நாளை செலவாகிறது. அச்செலவைக் குறைக்கும் பொறுப்பை, அம்மான்களை வேட்டையாடி உண்ணும் கிரீன்லாந்து மக்களிடம் கேட்பது முறையன்று. புகையை மிகுதியாக விட்ட நாடுகளிடமே முதலில் கேட்கவேண்டும்.