பல் கடித்த நாக்கு

கொச்சி நகரின் மட்டாஞ்சேரியில் பஜார் சாலை என்றொரு பழைய சாலை உண்டு. மிளகு, சுக்கு, ஏலம் ஆகியவற்றின் மணம் அச்சாலையின் சுவர்களிலேயே ஊறிக் கிடக்கிறது. ஒருபக்கத்துக் கிடங்குகளின் பின்புறம் காயலைத் தொடும். முன்புறம் லாரிகள் நிற்கும். மூட்டை சுமப்போர், தள்ளுவண்டிக்காரர், ஆட்டோ ரிக்ஷாக்கள், பள்ளிப் பிள்ளைகள், அயல்நாட்டுப் பயணிகள் என எல்லோருக்கும் அந்தக் குறுகிய சாலை ஒன்றுதான். 1568-இல் எழுந்த யூதர்களின் வழிபாட்டு ஆலயமும், சுவர்களில் இராமாயணக் காட்சிகள் தீட்டப்பெற்ற அரண்மனையும், புறாக்கள் சூழ்ந்த சமணர் கோயிலும் சிறிது தூரத்திற்குள் அமைந்திருக்கின்றன. கொங்கணி, குஜராத்தி, தமிழ், மலையாளம் என்று பல மொழிகள் தலைமுறை தலைமுறையாக அங்கே தோளோடு தோள் உரசி வாழ்கின்றன.

அச்சாலையில் ஒரு நாள் காலை ஓர் அன்பர் சைக்கிளில் செல்வதாகக் கொள்வோம். அவருக்குப் பெயர் வேண்டாம். அவர் நம்மில் எவராகவும் இருக்கலாம். ஓய்வு பெற்றவர், உடல்நலம் கருதி நாள்தோறும் சைக்கிள் மிதிப்பவர், வாய்க்குள் நாமஜபம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓரமாக நின்ற ஒரு காரின் கதவு சட்டென்று திறக்கிறது. பிரேக்கைப் பிடிக்கக்கூட நேரமில்லை. அடுத்த கணம் அவர் தார்ச்சாலையில் கிடக்கிறார்.

விழுகின்ற மனிதனின் கை தானாகவே முன்னால் நீளும். அதனால்தான் சைக்கிளிலிருந்து விழுவோருக்கு மணிக்கட்டும் காறை எலும்பும் பெரும்பாலும் முறிகின்றன. வலி உடனே தெரிவதில்லை. சற்றுத் தாமதித்தே வருகிறது. விழும்போது அந்த ஓரிரு நொடிகள் மிக நீண்டனவாகத் தோன்றியதாகவும், அப்போது அச்சமே இல்லாமல், யாருக்கோ நடப்பதைப்போல் தாம் பார்த்துக்கொண்டிருந்ததாகவும் விபத்திலிருந்து மீண்ட பலர் கூறுவதுண்டு. வேதாந்தம் ‘சாட்சி’ என்று சொல்வதை இதனோடு அவசரப்பட்டு முடிச்சுப் போட வேண்டியதில்லை. சாட்சி நிலை விவேகத்தால் வருவது. கீழே விழுவதால் வருவதன்று. அந்த அமைதி கலைந்ததும் மனத்தில் முதலில் எழும் கேள்வி எது என்பதே இங்கு நாம் கவனிக்க வேண்டியது. ‘எனக்கு என்ன ஆயிற்று?’ என்பது கூட அன்று. ‘யார் அவன்?’ என்பதே அந்தக் கேள்வி.

சுற்றி நிற்பவர்களின் கேள்வியும் அதுவே. ‘யார்மேல் தப்பு?’ என்று ஒருவர் கேட்கிறார். ‘சைக்கிளில் வந்தவர் பார்த்து வந்திருக்க வேண்டாமா?’ என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர் சற்று ஆன்மிகவாதி. ‘எல்லாம் அவரவர் கர்மா, நேரம் சரியில்லை’ என்று சொல்லித் தம் வழியே போகிறார்.

இந்த மூன்றாமவரைப் பற்றித்தான் நாம் அதிகம் கவலைப்பட வேண்டும். ஏனெனில் அவர் பேசுவது நம்முடைய மொழி.

குற்றம் யாருடையது என்ற ஆராய்ச்சி எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு ஒரு வேடிக்கையான வரலாறு உண்டு. 1895-இல் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் எல்லையான டின்டர்ன் பகுதியில், இரண்டு பேரறிஞர்கள் சைக்கிளில் சென்று ஒருவரோடொருவர் மோதிக்கொண்டார்கள். ஒருவர் நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா. மற்றவர், அப்போது இருபத்து மூன்று வயது இளைஞராக இருந்த தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல். ரஸ்ஸல் வழிகாட்டிப் பலகையைப் படிப்பதற்காகத் தம் வண்டியைத் திடீரென்று குறுக்கே நிறுத்தினார் என்பது ஷாவின் தரப்பு. ஷா அப்போதுதான் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தார் என்பது ரஸ்ஸலின் தரப்பு. தூக்கியெறியப்பட்ட ஷா பெரிய காயம் ஏதுமின்றி எழுந்து, தொடர்ந்து சைக்கிளிலேயே போனார். ரஸ்ஸலின் வண்டி நொறுங்கிவிட்டதால் அவர் ரயிலில் திரும்ப வேண்டியதாயிற்று. அந்த ரயில் மெதுவாகச் சென்றதால் ஒவ்வொரு நிலையத்திலும் ஷா சைக்கிளில் முன்னதாகவே வந்து நின்று, பெட்டிக்குள் தலையை நீட்டிக் கேலி செய்தாராம். தர்க்க சாஸ்திரத்தையே புதுப்பித்த ஒருவரும் உலகையே நகைக்க வைத்த ஒருவரும் கூட, ஒரு சைக்கிள் மோதலில் குற்றம் யாருடையது என்பதில் ஒத்துப்போகவில்லை.

எல்லா விபத்துகளும் சிரிப்பில் முடிவதில்லை. 2024 பிப்ரவரி 28-ஆம் தேதி விடியற்காலையில் நவி மும்பையில் சைக்கிள் ஓட்டிச் சென்ற அவ்தார் சைனி, பின்னால் வந்த வாடகைக் கார் மோதி உயிரிழந்தார். இன்டெல் நிறுவனத்தின் இந்தியப் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர் அவர். பென்டியம் போன்ற கணினிச் சில்லுகளின் உருவாக்கத்தில் பங்கு கொண்டவர். நாட்டில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. இவர்கள் ஒவ்வொருவரின் வீட்டு வாசலிலும் நின்று ‘கர்மா’ என்று சொல்லிவிட்டு வருவது ஆன்மிகமாகுமா?

கர்மக் கொள்கை பொய் என்று எந்த சாஸ்திரமும் கூறவில்லை. வில்லிலிருந்து புறப்பட்டுவிட்ட அம்பு தன் வேகம் தீரும்வரை சென்றே தீரும். பிராரப்தமும் அத்தகையதே என்று ஆதிசங்கரர் விளக்குகிறார். ஆனால் அந்த அம்பைப் பற்றிப் பேசும் உரிமை யாருக்கு என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அடிபட்டவன் தன் மனத்தைத் தேற்றிக்கொள்ள, தன் கோபத்தைத் தணித்துக்கொள்ள, ‘இது என் பிராரப்தம்’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளலாம். அது அவனுக்கு மருந்து. அதே சொல்லை அருகில் நிற்பவன் அவனைப் பார்த்துச் சொன்னால், அது கைகொடுக்காமல் இருப்பதற்கான சாக்கு. மருந்தை யாருக்குக் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்து அது நஞ்சாகவும் ஆகும்.

ஸ்ரீமத் பாகவதத்தின் பதினோராம் ஸ்கந்தத்தில் அவந்தி நாட்டுப் பிக்ஷு ஒருவரின் வரலாறு வருகிறது. செல்வமெல்லாம் இழந்து துறவியான அவரை ஊரார் அடிக்கிறார்கள். தலைமீது எச்சில் துப்புகிறார்கள். அவரும் ‘யார்?’ என்ற கேள்வியைத்தான் எழுப்புகிறார். ஆனால் பாதியில் நிறுத்தவில்லை. இறுதிவரை கொண்டு செல்கிறார். என் துன்பத்திற்குக் காரணம் இந்த மனிதர்களா? தேவர்களா? கிரகங்களா? கர்மமா? காலமா? ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்து, ஒவ்வொன்றையும் தள்ளிவிட்டு, சுகதுக்கச் சக்கரத்தைச் சுழற்றுவது தம் மனமே என்ற முடிவுக்கு வருகிறார். ‘நேரம் சரியில்லை’ என்று சொல்லிவிட்டுப் போனவர் இந்த அத்தியாயத்தைப் படித்தால் சற்றுத் திகைப்பார். அவர் சொன்ன காரணங்கள் இரண்டும் தள்ளப்பட்டவற்றின் பட்டியலில் இருக்கின்றன!

அந்த ஆராய்ச்சியின் நடுவே பிக்ஷு ஓர் உவமை கூறுகிறார். ஒருவனுடைய பல்லே அவன் நாக்கைக் கடித்துவிட்டால் அவன் யார்மீது கோபம் கொள்வான்? நாக்கும் அவனுடையது, பல்லும் அவனுடையது. பல்லைப் பிடுங்கி எறிபவன் எவனும் இல்லை.

இதைக் கேட்டதும், ‘அப்படியானால் கார்க்காரரை ஒன்றும் கேட்கக் கூடாதா?’ என்று தோன்றும். நியாயமான கேள்விதான். மோதியவனும் நாராயணன், மோதப்பட்டவனும் நாராயணன் என்று சொல்லிச் சட்டத்தையும் எச்சரிக்கையையும் கைகழுவிவிட முடியாது. ஸ்ரீராமகிருஷ்ணர் கூறும் யானைக் கதை நாம் அறிந்ததே. எல்லாம் நாராயணன் என்று குருவிடம் கேட்ட சீடன், மதம் பிடித்த யானை எதிரே வந்தும் விலகாமல் நின்று அடிபட்டான். விலகும்படி கத்திய பாகனும் நாராயணன்தானே, அவன் சொல்லை ஏன் கேட்கவில்லை என்று குரு கேட்டார். சைக்கிளின் மணி, பின்விளக்கு, தலைக்கவசம் ஆகியவை பாகன் நாராயணனின் குரல்கள். கதவைத் திறக்குமுன் பின்னால் திரும்பிப் பார்ப்பதும் அதே குரல்தான். அதைக் கேட்க வேண்டியவர் காருக்குள் இருக்கிறார். நடந்ததை நடந்தபடியே காவல் நிலையத்தில் சொல்வதும், சிகிச்சைக்கு உரிய இழப்பீட்டைக் கேட்பதும் பகையாகா. கடிக்க வேண்டாம் என்றுதான் சொன்னேன், சீற வேண்டாம் என்று சொல்லவில்லையே என்று பிரம்மசாரி பாம்புக்கு விளக்கிய கதையும் அவர் கூறியதுதான்.

வலியை மறைத்து ஞானியைப் போல் காட்டிக்கொள்ளவும் தேவையில்லை. 1884-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஸ்ரீராமகிருஷ்ணர் பரவச நிலையில் நடந்து செல்கையில் விழுந்து, இடக்கை எலும்பு பிசகியது. கையில் கட்டுடன் அமர்ந்திருந்த அவர், வந்தவர்களிடமெல்லாம் கையைக் காட்டி, இது சரியாகிவிடுமா என்று குழந்தையைப்போல் கேட்டார். அடுத்த கணமே இறைவனைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார். 1938 நவம்பரில் ஸ்ரீஅரவிந்தர் புதுச்சேரியில் தம் அறையில் இடறி விழுந்து வலத் தொடை எலும்பு முறிந்தபோது, மருத்துவர்களின் சொற்படி காலைக் கட்டிக் கிடந்தார். பல ஆண்டுகளாகப் பெரும்பாலும் தனிமையிலேயே இருந்த அவரருகே, பணிவிடை செய்யச் சிலர் அதன் பிறகே இருக்க நேர்ந்தது. அவர்களுடன் அவர் நிகழ்த்திய உரையாடல்கள் அப்படித்தான் நமக்குக் கிடைத்தன.

மட்டாஞ்சேரிச் சாலையில் அன்பர் இன்னும் கிடக்கிறார். எதிர்க் கிடங்கில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒருவர் ஓடி வருகிறார். எழ முயன்றவரின் தோளை மெல்ல அழுத்தி, ‘சேட்டா, அனங்கண்டா’ என்கிறார். அசைய வேண்டாம் என்று பொருள். கழுத்திலோ முதுகிலோ அடிபட்டிருந்தால் அவசரமாகத் தூக்கி உட்கார வைப்பது ஆபத்து. மயக்கத்தில் இருப்பவர் வாயில் சோடாவோ தண்ணீரோ ஊற்றுவதும் ஆபத்து. இரத்தம் வழியும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு 108-ஐ அழைப்பதே முதற்கடமை. மிளகுத்தூசி படிந்த தோள்துண்டை விட்டுவிட்டு, பக்கத்துக் கடையில் புதுத்துணி கேட்டு வாங்கி வருகிறார் அந்தத் தொழிலாளி. குற்றம் யாருடையது என்று அவர் கேட்கவே இல்லை.

உதவி செய்யப் போனால் போலீஸ், கோர்ட் என்று அலைய நேரிடும் என்ற அச்சம் ஒரு காலத்தில் நியாயமாகவே இருந்தது. 2016 மார்ச் 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், விபத்தில் சிக்கியவர்க்கு உதவுவோரைத் துன்புறுத்தக் கூடாது என்பதற்கான வழிகாட்டு நெறிகளுக்குச் சட்ட வலிமை அளித்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. 2025 மே மாதம் முதல், விபத்தில் அடிபட்டவருக்கு ஏழு நாள் வரை ஒன்றரை லட்சம் ரூபாய்க்குள் பணம் கட்டாமல் சிகிச்சை பெறும் திட்டமும் அறிவிக்கை செய்யப்பட்டுள்ளது. இனி மிச்சமிருப்பது மனத்தின் தயக்கம் மட்டுமே.

கொச்சிக்கு வடகிழக்கே பெரியாற்றங்கரையில் காலடி இருக்கிறது. அங்கே பிறந்த சங்கரர் காசியின் தெருவில் எதிரே வந்த சண்டாளரை ‘விலகு’ என்றதும், எதை விலகச் சொல்கிறீர், உடலையா, ஆன்மாவையா என்று அவர் கேட்டதும், சங்கரர் அவரைக் குருவாக ஏற்றதும் மரபு வழி வரும் செய்தி. கொச்சிக்குத் தெற்கே வைக்கம் இருக்கிறது. கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் எல்லா மக்களும் நடக்கலாம் என்பதற்காக 1924, 1925-ஆம் ஆண்டுகளில் அங்கே சத்தியாகிரகம் நடந்தது. தமிழகத்திலிருந்தும் தலைவர்கள் சென்று சிறை புகுந்தார்கள். ‘விலகு’ என்ற அந்தச் சொல் நம் சாலைகளை விட்டு இன்னும் போய்விடவில்லை. இன்று அதை வாய் சொல்வதில்லை; ஹாரன் சொல்கிறது. முன்னால் போகிற சைக்கிள் ஒரு தடை. அதன்மேல் ஒரு மனிதர் இருப்பது, அவர் விழுந்த பிறகே கண்ணில் படுகிறது.

ஒரு ஜமீன்தாரிடம் அடிபட்டு மயங்கிக் கிடந்த துறவியின் வாயில் சக துறவிகள் பால் ஊற்றினார்கள். நினைவு திரும்பிவிட்டதா என்று அறிய, பால் கொடுப்பது யார் என்று கேட்டார்கள். அடித்தவரே இப்போது பாலும் புகட்டுகிறார் என்றார் அத்துறவி. ஸ்ரீராமகிருஷ்ணர் விரும்பிச் சொல்லும் இக்கதையை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். ஆனால் இதில் ஒன்றைக் கவனிப்பதில்லை. அந்த வார்த்தையைச் சொன்னது அடிபட்டவர். பால் ஊற்றியவர்கள் தத்துவம் ஏதும் பேசவில்லை. பாலைக் காய்ச்சிக் கொண்டுவந்தார்கள்.

மூன்று வாரங்கள் கழித்து, காரின் கதவைத் திறந்தவர் அன்பரின் வீட்டைத் தேடி வருகிறார். கையில் பழங்கள் இருக்கின்றன. இளைஞர், நாற்காலியின் நுனியில் அமர்ந்திருக்கிறார். போலீஸில் கொடுத்த புகாரை வாங்கிவிடுமாறு கேட்க வந்தாரோ என்று அன்பரின் மனைவிக்குச் சந்தேகம். முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் அப்படி எதுவும் கேட்கவில்லை. ‘ஸார், அன்று நான் போனைப் பார்த்துக்கொண்டே கதவைத் திறந்துவிட்டேன்’ என்கிறார். அதற்குமேல் அவருக்குப் பேச வரவில்லை.

‘தேநீர் சாப்பிடுங்கள் தம்பி’ என்கிறார் அன்பர். வலக்கை இன்னும் கழுத்திலிருந்து தொங்கும் கட்டில்தான் இருக்கிறது. மனைவி எழுந்திருக்கவில்லை. அவரே எழுந்து போய், இடக்கையால் கெட்டிலைத் தூக்கி ஊற்றுகிறார். கொஞ்சம் மேஜைமேல் சிந்துகிறது. இளைஞர் எழுந்து வந்து துடைக்கிறார்.