அந்தக் கையெழுத்தை வாங்காதே, மக்கா

வடசேரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் உன் காரைப் பார்த்தேன். முன்பக்கம் நசுங்கி, பம்பர் ஒரு பக்கமாய்த் தொங்கிக்கொண்டிருந்தது. வெடித்த ஏர்பேக் ஸ்டியரிங் மேல் துணியாய்க் கிடந்தது. ஓட்டியது லைசென்ஸ் எடுக்காத உன் மகன். உள்ளதைச் சொன்னால் ரிப்பேர் செலவை இன்சூரன்ஸ் கம்பெனி தராது. அதனால் கிளெய்ம் ஃபாரத்தில் உன் டிரைவரின் பெயரை எழுதி வைத்திருக்கிறாய். அந்த மனுஷன் பேனாவைப் பிடித்துக்கொண்டு, எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றார். “சும்மா ஒரு கையெழுத்துதானே அண்ணாச்சி” என்று யாரோ அவர் தோளைத் தட்டினார்கள்.

சும்மா இல்லை, மக்கா. உன் கார் இடித்த பைக்கில் வந்தவர் இன்னும் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவு யாரைத் தேடி வரும்? கையெழுத்துப் போட்டவரைத்தான். ஐந்து வருஷம் வரை சிறை. லைசென்ஸ் போனால் அவர் வீட்டில் உலை ஏறுமா? உனக்கு மிச்சமாகப்போவது சில லட்சம்.

பொய்க் கிளெய்மைத் தனியாளாகப் போட முடியாது. சுமக்க இன்னொருத்தர் வேண்டும். 1984 ஜனவரியில் கேரளத்தின் மாவேலிக்கரை அருகே வயலோரம் ஒரு அம்பாசடர் எரிந்து கிடந்தது. உள்ளே கருகிய உடல். காரின் சொந்தக்காரர் சுகுமாரக் குருப் செத்துவிட்டார் என்றுதான் முதலில் நம்பினார்கள். தான் செத்ததாகக் காட்டி இன்சூரன்ஸ் பணம் வாங்க, தன் சாயலில் ஒரு உடலைத் தேடியிருக்கிறார் குருப். அகப்பட்டவர் சாக்கோ, சினிமா கம்பெனி பிரதிநிதி. இரவில் வீட்டுக்குப் போக வண்டி பார்த்து நின்றவரைக் காரில் ஏற்றிக் கொன்றார்கள். அவர் மனைவி அப்போது கர்ப்பிணி. ஏற்றிய சாலை எது தெரியுமா? நம் நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு வரும் அதே பழைய நாற்பத்தேழாம் நம்பர் நெடுஞ்சாலை. குருப் இன்றுவரை பிடிபடவில்லை.

கொலையும் கையெழுத்தும் ஒன்றா என்று கோபப்படுவாய். குற்றத்தின் அளவு வேறுதான். தன் கணக்கை ஏழை ஒருத்தன் தலையில் எழுதலாம் என்ற துணிச்சல் இரண்டிலும் இருக்கிறது. எனக்குப் பயம் அதுதான்.

காசு இல்லாதவர்களா இதைச் செய்கிறார்கள்? 2024-இல் கலிபோர்னியாவில் ரோல்ஸ் ராய்ஸ் காரின் சீட்டைக் கரடி கிழித்துவிட்டது என்று வீடியோவோடு கிளெய்ம் போட்டார்கள். இரண்டு மெர்சிடிஸுக்கும் அதே நாள், அதே இடம், அதே கரடி. கரடித்தோல் உடுப்புக்குள் இருந்தது ஆள்தான் என்று வனவிலங்கு நிபுணர் சொல்லிவிட்டார். நான்கு பேர் கைதானார்கள்.

மாட்டிக்கொள்வாய் என்று பயமுறுத்த இதை எழுதவில்லை. உன் அப்பாவை எனக்குத் தெரியும். கனகமூலம் சந்தையில் தராசு பிடித்தவர். முள் நிற்கும்வரை தட்டில் விரல் படாது. கடைசியில் ஒரு வெண்டைக்காயைக் கூடப் போட்டுத்தான் கொடுப்பார்.

இன்சூரன்ஸ் சர்வேயர் திங்கட்கிழமை வருகிறார். அதற்கு முன்னால் அந்த ஃபாரத்தைக் கிழித்துப் போடு. மகனைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போ. ஓட்டியது அவன்தான் என்று நீயே சொல். ரிப்பேருக்குக் கைக்காசைக் கொடு. முடியாவிட்டால் காரை விற்றுவிடு. இன்று சாயந்தரமே டிரைவர் வீட்டுக்குப் போய், “நீங்க கையெழுத்துப் போட வேண்டாம் அண்ணாச்சி” என்று அவர் மனைவி காதில் விழும்படி சொல்லிவிட்டு வா.