பகிர்ந்தவருக்கும் வினை உண்டு

கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தோட்ட மக்கள் இன்று ஓரிடத்தில் இல்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. சில இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. புக்கிட் ரோத்தானிலும், இப்போது பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியிருக்கும் பத்தாங் பெர்ஜுந்தையிலும் லயத்தில் பிறந்தவர்கள் ரவாங், கிள்ளான், ஷா ஆலாம் என்று பிரிந்துபோனார்கள். மேரி, நைஜல் கார்டனர், சுங்கை திங்கி, மின்யாக், புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டத்துக் குடும்பங்கள் வீட்டுரிமைக்காக இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் போராட வேண்டியிருந்தது. வடக்கே செகிஞ்சான், சுங்கை பெசார், சபாக் பெர்ணம் பக்கத்துப் பிள்ளைகளும் படிப்புக்கும் வேலைக்கும் தெற்கே நகர்ந்தார்கள். ஒரு காலத்தில் மாரியம்மன் கோயிலடியில் கூடியவர்கள் இன்று கூடுவது புலனக் (வாட்ஸ்அப்) குழுவில். சாவுச் செய்தி, தீமிதி நாள், தமிழ்ப்பள்ளியின் பழைய மாணவர் ஒன்றுகூடல், தீபாவளி முறுக்கு விற்பனை எல்லாம் அங்கேதான் வருகின்றன. அவற்றோடு யாரோ எழுதி, யாரோ அனுப்பி, நம் கைக்கு வந்து, நாம் மற்றவர்களுக்குத் தள்ளிவிடும் செய்திகளும் வருகின்றன. அப்படித் தள்ளிவிடுவது ஒரு செயலா, அதற்கு வினை உண்டா என்பதுதான் என் கேள்வி. உண்டு என்பதும், எழுதியவனுக்கு உள்ளதைவிட அது குறைந்ததல்ல என்பதும் என் முடிவு.

நம் சமய மரபு வினை பிறக்கும் வாயில்களை மூன்றாகப் பிரித்தது: மனம், வாக்கு, காயம். பகிர்வு இதில் எங்கே சேரும்? வாய் திறக்கவில்லை; மனம் பெரும்பாலும் யோசிக்கவே இல்லை; விரல் மட்டும் ஒருமுறை அசைந்தது. இப்படிப் பார்த்தால் அது எதிலும் சேராத ஒன்றாகத் தோன்றும். அந்தத் தோற்றம்தான் நம்மைத் துணிய வைக்கிறது. ஆனால் வினையை வேறொரு விதமாகவும் வகுத்தவர்கள் உண்டு. சமண அறநெறி தீமையைத் தானே செய்வது, பிறரைக் கொண்டு செய்விப்பது, பிறர் செய்யும்போது அதற்கு உடன்படுவது என்று மூன்றாகப் பார்த்தது. மூன்றுக்கும் பொறுப்பு உண்டு என்றது. இந்தப் பகுப்பை இன்றைய கைப்பேசிமேல் வைத்துப் பாருங்கள். அவதூறை எழுதியவன் செய்கிறான். அதை இன்னொரு குழுவுக்கு அனுப்புகிறவன் செய்விக்கிறான். கீழே கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறவன் உடன்படுகிறான். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்திய சிந்தனை இவ்வளவு நேராக வந்து பொருந்துவதில் வியப்பில்லை. கருவிதான் புதிது, இன்னொருவரின் பெயரைக் கெடுக்கத் துணைபோகும் ஆசை பழையது.

‘நான் எழுதவில்லையே, வந்ததை அனுப்பினேன்’ என்பது அடிக்கடி கேட்கும் முதல் மறுப்பு. இதற்குரிய விடையை வள்ளுவர் எதிர்பாராத ஓரிடத்தில் வைத்திருக்கிறார். புலால் மறுத்தல் அதிகாரத்தில், கொன்றவன் வேறு, தின்றவன் வேறு என்று ஒதுங்க நினைப்பவரை அவர் விடுவதில்லை. தின்பதற்காகக் கொள்வார் இல்லையென்றால் விலைக்கு விற்பாரும் இல்லை என்பது அவர் வாதம். புலால் உண்பது சரியா தவறா என்பதை இங்கே விட்டுவிடலாம். அந்த வாதத்தின் கட்டுமானம்தான் நமக்கு வேண்டும். பகிர ஆள் இல்லாத பொய், எழுதியவன் கைப்பேசியிலேயே கிடந்து சாகும். அதற்கு உயிர் கொடுப்பது பகிர்பவர்தான். செயலியை நடத்தும் நிறுவனமே இதை ஒப்புக்கொண்டிருக்கிறது: 2019இல் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது; பெருந்தொற்றுப் பொய்கள் பரவிய 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்திகளை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டும் என்று சுருக்கியது. எழுதுபவன் விரலை அது கட்டவில்லை; அனுப்புபவன் விரலைத்தான் கட்டியது.

‘ஆயிரம் பேர் அனுப்பியதில் என் பங்கு எவ்வளவு?’ என்பது இரண்டாவது மறுப்பு. ஊர் கூடி இழுக்கும் தேரில் என் கை இல்லாவிட்டாலும் தேர் நகரும் என்பது உண்மை. ஆனாலும் தேர் யார்மேலாவது ஏறிவிட்டால், வடம் பிடித்தவர்களில் யாரும் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டும் வருந்துவதில்லை. ஓர் எடுத்துக்காட்டு: 2018 நவம்பர் 26 அதிகாலை சுபாங் ஜெயாவின் சீபீல்டு மகா மாரியம்மன் ஆலயத்தில் ஆட்கள் புகுந்ததை அடுத்து வன்முறை வெடித்தது. அது நிலத் தகராறு. தோட்டமாக இருந்த இடத்தில் நின்ற நூறாண்டுக் கோயிலை இடம் மாற்றுவது பற்றிய வழக்கிலிருந்து பிறந்தது. அதை இனச்சண்டையாகக் காட்டும் செய்திகள் சில மணி நேரத்தில் நாடெங்கும் பறந்தன. இது குற்றச்செயல், இனப் பிரச்சினை அல்ல என்று அரசாங்கம் மக்களிடம் சொல்ல வேண்டியதாயிற்று. மறுநாள் அங்கே படுகாயமடைந்த தீயணைப்பு வீரர் முகமட் அடிப், டிசம்பர் 17 அன்று உயிர் நீத்தார். அவருடைய மரணத்துக்குப் புலனச் செய்திதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. மூண்டிருந்த நெருப்பின் பக்கத்தில் நின்று எண்ணெய் அனுப்பியவர்கள், இரு பக்கத்திலும், தங்கள் பங்கு சிறியது என்றே நம்பியிருப்பார்கள். வட சிலாங்கூர்த் தோட்டக் கோயில்களில் பல இன்னும் கம்பெனி நிலத்தில்தான் நிற்கின்றன. நாளை இங்கேயும் இப்படியொரு தகராறு வரலாம் என்பதால் இதை நாம் தூரத்துச் செய்தியாகப் படிக்க முடியாது.

மூன்றாவது மறுப்பு நல்லவர்களுடையது. ‘கெட்ட எண்ணத்தில் அனுப்பவில்லை; நாலு பேருக்குப் பயன்படட்டும் என்றுதான்.’ திருநள்ளாற்றுக்கு மேலே செயற்கைக்கோள் நின்றுவிடுகிறது என்ற கதை பல ஆண்டுகளாக இப்படித்தான் சுற்றுகிறது. கிருமித்தொற்றுக் காலத்துக் கைவைத்தியங்களும் அப்படித்தான் சுற்றின. நன்மை தரும் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத் தக்கது என்று வள்ளுவரே சொல்லவில்லையா என்று கேட்பாரும் உண்டு. அவர் விதித்த நிபந்தனையை விட்டுவிட்டு இந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது. குற்றமற்ற நன்மை விளைந்தால் மட்டுமே அவர் அந்த இடத்தைத் தருகிறார். நேரில் பேசுபவனுக்கு அதை எடைபோட வழி இருக்கிறது. படுத்திருக்கும் நோயாளியிடம் ‘தேறிவிடுவாய்’ என்று சொல்பவன் அவர் முகத்தைப் பார்க்கிறான். அது அவருக்கு என்ன செய்யும் என்று ஓரளவு அறிகிறான். குழுவில் அனுப்புபவனுக்கு அந்த முகம் தெரியாது. மருந்தை நிறுத்திவிட்டுக் கஷாயத்தை நம்பப்போகிறவர் எந்த ஊரில் இருக்கிறார் என்றுகூடத் தெரியாது. விளைவைக் காண முடியாத இடத்தில் நின்றுகொண்டு, விளைவு நல்லது என்று சொல்லி அந்தக் குறளில் அடைக்கலம் தேட முடியாது. புறங்கூறாமை அதிகாரமும் இதே திசையில்தான் போகிறது: எதிரில் நின்று கடுமையாகப் பேசுவதைக்கூடப் பொறுக்கும் அது, முன்னால் இல்லாதவரைப் பற்றி விளைவு கருதாமல் பேசுவதைப் பொறுப்பதில்லை. புலனக் குழுவிலோ எல்லாருமே முன்னால் இல்லாதவர்கள்.

இதையெல்லாம்விட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. லயத்துப் பேச்சு மட்டும் தூய்மையாகவா இருந்தது? குழாயடியில் ஒரு பெண்ணின் பெயர் கெட்டால் அவள் தோட்டத்தை விட்டே போக வேண்டியிருந்தது. தண்டலுக்கும் கிராணிக்கும் எதிராக உண்மையைச் சொல்லவும் வாய் எழவில்லை. இணையம் வந்த பிறகுதான் எளியவன் பேசினான். 1999இல் மலேசியாகினி தொடங்கியது. அடுத்த ஆண்டுகளில் வலைப்பூக்கள் பெருகின. 2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூர்த் தெருக்களில் திரண்ட, இந்து உரிமை அமைப்பான இண்ட்ராப்பின் கூட்டத்துக்கான அழைப்பு இணையத்திலும் குறுஞ்செய்தியிலும் பரவியது. 1985இல் முத்து நெடுமாறன் தொடங்கிய முரசு அஞ்சல் மென்பொருளும், 2005இல் வந்த செல்லினம் செயலியும் இந்தக் குரலுக்குத் தமிழ் எழுத்தைக் கொடுத்தன. பகிர்வுக்கு இவ்வளவு கடமை விதித்தால் முதலில் அடங்கிப்போவது எளியவன் குரல்தானே? இந்த மறுப்பை நான் மதிக்கிறேன். இதில் பாதி உண்மை. ஆனால் எளியவனுக்கு ஆயுதம் வேறில்லை, அவன் சொல் ஒன்றே என்பதால்தான் அந்தச் சொல் கெடாமல் இருக்க வேண்டும். தண்ணீர் வராத லயத்தின் உண்மைப் படத்தோடு எங்கோ எடுத்த பொய்ப் படம் ஒன்றும் கலந்து போனால், நிர்வாகம் இரண்டையும் சேர்த்தே தள்ளிவிடும். பகிர்வின் அறம் கேட்பது மௌனத்தை அல்ல. தெரிந்ததைத் தெரிந்தவனாக நின்று, தன் பெயரோடு சொல்லும் துணிவைக் கேட்கிறது.

வணிகத்திலும் பள்ளியிலும் பகிர்ந்தவரின் பொறுப்பு இன்னும் எளிதாக விளங்கும். கடைக்காரர் சம்பள நாள்வரை கடன் தந்த காலத்தில் பொருள் முதலில் வந்தது, பணம் பின்னால் போனது. இணையத்தில் பணம் முதலில் போகிறது. கையில் இருப்பது விற்பவரின் சொல் மட்டும். அந்தச் சொல்லை நம்பியவர்கள் பணத்தை இழந்ததால், மோசடிப் புகார்களுக்காகவே 2022இல் 997 என்ற அவசர எண்ணோடு ஒரு தேசிய மையத்தை நாடு அமைக்க வேண்டியிருந்தது. ‘நல்ல ஆள், வாங்கலாம்’ என்று விசாரிக்காமல் விளம்பரத்தைத் தள்ளிவிட்ட உறவினரும் அந்த இழப்பில் இருக்கிறார். ஆசிரியர் பற்றிய புகாரை வகுப்புப் பெற்றோர் குழுவில் சுற்றவிட்டுவிட்டு, தலைமையாசிரியரிடம் கேட்காமல் இருப்பவரும் அப்படித்தான்.

சட்டம் இதைப் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடலாமா? 2024 ஜூலையில், டிக்டாக்கில் தொடர்ந்து இழிவுபடுத்தப்பட்ட ஓர் இளம் தமிழ்ப்பெண் உயிரை மாய்த்துக்கொண்டார். குற்றம் சாட்டப்பட்ட இருவரில் ஒருவருக்கு 1955ஆம் ஆண்டின் சிறு குற்றங்கள் சட்டப்படி கிடைத்த தண்டனை 100 ரிங்கிட் அபராதம். எழுந்த கோபத்தின் விளைவாகத் தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டு, 2025 ஜூலையில் பகடிவதைக்கு எதிரான புதிய பிரிவுகள் நடைமுறைக்கு வந்தன. அது வேண்டியதே. ஆனாலும் அந்தக் காணொளிகளைப் பார்த்து, சிரித்து, இன்னொருவருக்கு அனுப்பியவர்களை எந்த நீதிமன்றமும் எண்ணிக் கூப்பிடப்போவதில்லை. அவர்களுக்கு மிஞ்சுவது கழுவாய் ஒன்றுதான். அதையும் நாம் மலிவாக்கிவிட்டோம்: பொய் என்று தெரிந்ததும் சத்தமில்லாமல் செய்தியை அழித்துவிடுகிறோம். பெரியபுராணத்து மனுநீதிச் சோழனிடம் அமைச்சர்கள், இளவரசன் கன்றின்மேல் தேர் ஏற்றியது அறியாமல் செய்தது, நூல்முறைப்படி கழுவாய் போதும் என்றார்கள். அது கன்றை இழந்த பசுவின் நோய்க்கு மருந்தாகுமா என்று அரசன் கேட்டான். அவன் எடுத்த கொடிய முடிவு நமக்கு வேண்டாம். அந்தக் கேள்வி வேண்டும். செய்தியை அழிப்பது அனுப்பியவரின் கூச்சத்தைத்தான் தீர்க்கிறது. ‘நான் அனுப்பியது பொய், விசாரிக்காமல் அனுப்பினேன்’ என்று அதே குழுவில், அதே ஆட்கள் படிக்க எழுதினால், இழந்த பெயரில் கொஞ்சமாவது உரியவருக்குத் திரும்பும். பிறகு அவரையே அழைத்துப் பேச வேண்டும்.