போதைப்பொருளும் தண்டநீதியும்

போதைப்பொருளை விற்போனும் அதற்கு அடிமைப்பட்டோனும் ஒரே தண்டத்துக்கு உரியராவரோ? மாணாக்கரை நெறிப்படுத்தும் கடன் பூண்ட ஆசிரியர்களாகிய நாம் இவ்வினாவை ஆராய்தல் வேண்டும்.

தமிழ்நாட்டுக் கரையினின்றும் பாக்குநீரிணையைக் கடந்து களவாக வரும் கேரளக் கஞ்சாப் பொதிகள், நெடுந்தீவு முதலிய தீவகக் கடல்களிலே கடற்படையினராற் பலமுறை கைப்பற்றப்பட்டுள்ளன. படகிலே பிடிபடுவோன் கூலிக்கு வந்தவனாயின், முதலிட்டவன் கரையிலே மறைந்திருப்பான். தண்டம் முதலிற் சேரவேண்டியவன் அவனேயாம்.

இலங்கையில் 1929ஆம் வருஷத்து நச்சுப்பொருள், அபின், அபாயகர ஔடதக் கட்டளைச்சட்டம் 1984இலே திருத்தப்பட்டபோது, 2 கிராமும் அதற்கு மேற்பட்டதுமாகிய ஹெரோயினைக் கடத்துதலும் வைத்திருத்தலும் மரணத்துக்கேனும் ஆயுட்சிறைக்கேனும் உரிய குற்றங்களாயின. 2022இலே ‘ஐஸ்’ என்னும் மெதம்பெற்றமினும் சட்டத்துட் சேர்க்கப்பட்டது. 1976க்குப் பின் இங்கே தூக்குத்தண்டனை நிறைவேற்றப்பட்டிலது. கடுமை மாத்திரம் இந்நோயைத் தீர்க்குமாயின், இத்தனை வருஷங்களில் அது குன்றியிருத்தல் வேண்டுமன்றோ?

2007ஆம் வருஷத்துச் சட்டமோ, தானே விரும்பி வருவோனுக்கும் நீதவான் கட்டளையால் அனுப்பப்படுவோனுக்கும் சிகிச்சை வழியைத் திறந்தது. விரும்பாதவனைச் சிகிச்சைக்கு உட்படுத்தல் அறமாகுமோ எனிற் கூறுதும். விருப்பத்தையே போதை பிணித்துவிட்டவிடத்து, அதனை விடுவித்தற்பொருட்டுச் சிலகாலம் தடுத்தல் தகும். ஆயின் சிகிச்சை என்னும் பெயரால் அடித்தலும் அடைத்துவைத்தலும் தகா. வைத்தியர் இல்லாத இடம் சிகிச்சைச்சாலை ஆகாது.

அறக்கருணை, மறக்கருணை எனக் கருணை இருவகைத்து என்பது நம் நூற்றுணிபு. ஒறுத்தலும் உயிரைத் திருத்தற்பொருட்டே என்பதே அதன் கருத்து. ஆதலின், விற்றுப் பொருளீட்டுவோனை ஒறுக்குக, பிணிப்பட்டோனைக் குணப்படுத்துக. நெடுந்தீவான் ஒருவன் யாழ்ப்பாணத்து மனநல வைத்தியரை நாடின், குறிகட்டுவானுக்குப் படகேறி, அங்கிருந்து தரைவழியும் செல்லல் வேண்டும். அன்றன்று உழைத்துண்போன் எத்தனை நாட் செல்வான்? ஆதலின் அத்தகைய வைத்தியர் முறைவைத்துத் தீவுகளுக்குச் செல்ல அரசினர் ஒழுங்குசெய்தல் வேண்டும்.

நமக்குரிய கடனும் ஒன்றுண்டு. மாணாக்கன் கையிலே கஞ்சா காணப்படின், பள்ளியின் பெயர் கெடுமென்று மறைத்தல் இரக்கமன்று. இடாப்பிலே பெயரை வெட்டித் துரத்துதல் நீதியுமன்று. துரத்தப்பட்டவனை வரவேற்கும் வாயில், விற்போன் வாயில் ஒன்றே. பெற்றோருக்கு அறிவித்து, வைத்தியரிடம் சேர்ப்பித்து, குணமடைந்து வருவானை அவன் இருந்த வாங்கிலே மீள இருத்துவோமாக.